குரலைப் பிடித்துக்கொள்ளும் மிஷின்

காலையில் வார்டுக்குப் போனேன். கட்டில் காலி. போர்வை அழகாக மடித்து வைத்திருந்தது. மேலே தியேட்டரில் மிஷின் வந்து இறங்கிவிட்டது, சர்ஜன் அம்மாவும் வந்துவிட்டார். ஆபரேஷனுக்கு உரிய ஆளைத்தான் காணோம்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தியேட்டர் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். படித்துவிட்டு வேலைக்கு வந்தவன் இல்லை; ஸ்ட்ரெச்சர் தள்ள வந்து, பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டவன். கை சுமாராக வேலை செய்யும், வாய் மட்டும் ஓவர்டைம் பார்க்கும். நோயாளிகள் சொல்வதைப் பொறுக்கிச் சேர்ப்பதில் எனக்குத் தனி ருசி. மயக்க மருந்தை ‘செத்துப் பொழைக்கிற ஊசி’ என்றார் ஒரு பெரியவர். தியேட்டர் விளக்கைப் பார்த்து ‘இத்தினி கண்ணு எந்த சாமிக்கு?’ என்று கேட்டது ஒரு அம்மா. இப்படிச் சேர்த்துச் சேர்த்து, டாக்டர்களைவிட நோயாளிகளின் பாஷை எனக்குத்தான் தெரியும் என்ற திமிர் வந்துவிட்டது. அது இறங்கிய கதைதான் இது.

அந்த மிஷின் நெர்வ் மானிட்டர். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அது பழகிய சாமான்; எங்களுக்கு அன்றைக்குப் புதுசு. குரல் நாணுக்குப் போகும் நரம்பு தைராய்டுக்குப் பின்னால் நூல் மாதிரி ஓடுகிறது. அதற்கு அடிபட்டால் குரல் கம்மிவிடும். முன்பெல்லாம் சர்ஜனின் கண்ணும் கையும்தான் அதற்குக் காவல். இந்த மிஷினில், மூச்சுக்குழாய்க்குள் போடும் ட்யூபிலேயே எலக்ட்ரோடு இருக்கும். அது குரல் நாணை ஒட்டி நிற்க வேண்டும். லேசாகக் கரண்டு வரும் புரோப் என்ற கம்பியால் சர்ஜன் நரம்பைத் தொட்டால் நாண் துடிக்கும், மிஷின் ‘டுப் டுப்’ என்று சத்தம் போடும். எங்களிடம் சொந்தமாக இல்லை. சென்னையிலிருந்து ஒரு நாளைக்கு மட்டும் வரவழைப்போம், மாலையில் திரும்பிப் போய்விடும்.

காணாமல் போன நோயாளியின் பெயர் ஆரோக்கியமேரி. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பவர். கழுத்தில் தைராய்டு கட்டி மூச்சுக்குழாயை அழுத்தியதால் உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். ஊசி டெஸ்ட் ரிசல்ட்டும் புற்றுநோயோ என்று சந்தேகமாக வந்திருந்தது; தள்ளிப்போடக் கூடாது என்றிருந்தார்கள்.

முந்தின நாள் மாலை அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“கொரலு போயிடாதே, ண்ணா? கத்துனாதான் எனக்கு சோறு.”

டாக்டர் வந்து சொல்வார் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். என் வாய் விடுமா?

“கவலையே படாதம்மா. புது மிஷினு வருது. உன் கொரல அப்படியே புடிச்சிக்கும். நாளைக்கி ஒரு நாள்தான், சாயந்தரமே மெட்ராஸுக்கு எடுத்துக்கினு பூடுவாங்க.”

அவர் மெதுவாகத் தலையாட்டினார். எவ்வளவு எளிமையாக விளக்கிவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் பக்கத்துக் கட்டில் அம்மாதான் விஷயத்தை உடைத்தார். “‘எங்கொரல புடிச்சி மெட்ராஸுக்கு அனுப்பப் போறாங்களாம், நான் இன்னாத்துக்கு இங்க இருக்கணும்’னு சொல்லிக்கினே கெளம்பிடுச்சி. நீதான் சொன்னியாமே?”

சர்ஜன் அம்மா சின்ன வயசு, அதிர்ந்து பேசாதவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கவுன்சிலிங் நீங்கதானே குடுத்தீங்க? நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க. மிஷின் சாயங்காலம் வரைக்கும்தான். இன்னைக்கு விட்டா அவங்க திரும்பி வரவே மாட்டாங்க. அப்புறம் அந்தக் கட்டி என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.”

ஆஸ்பத்திரிக் காரில் திண்டிவனம் போகும்வரை டிரைவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

பஸ் ஸ்டாண்டில் தன் வழக்கமான தூணோரம் மேரி உட்கார்ந்திருந்தார். கையில் டீ. உதட்டருகே கொண்டுபோய்விட்டார். வெறும் வயிறாக இருந்தால்தானே மயக்க மருந்து! எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஓடிப்போய் கிளாஸைப் பிடுங்கினேன். பிடுங்கியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நானே குடித்துவிட்டேன்.

“யார்யா இவன், பொம்பள கையில இருக்கற டீய புடுங்கிக் குடிக்கிறான்!” என்று ஒரு கண்டக்டர் இறங்கி வந்தார்.

“வாயில வச்சியாம்மா? ஒரு வாயாவது?”

“வச்சிருந்தா இன்னா, வைக்காங்காட்டி இன்னா? கொரலயும் புடுங்குவ, டீயயும் புடுங்குவியா?”

“அய்யோ, மிஷினு கொரல எடுக்காதும்மா. தொண்டையில ஒரு ட்யூப்பு போடுவாங்க, அதுல லேசா கரண்டு...”

“கரண்டா!”

மேரியோடு சேர்ந்து பழக்காரம்மா, பூக்காரம்மா எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் வாயைத் திறக்கத் திறக்க விழுப்புரம் தூரமாகிக்கொண்டே போனது. கடைசியில் சர்ஜன் அம்மாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி மேரியிடம் நீட்டினேன்.

“மேரிம்மா, கட்டிக்குப் பின்னாடி உங்க குரலுக்குப் போற நரம்பு இருக்கு. வெட்டும்போது அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும். நான் தொட்டா மிஷின் சத்தம் போட்டு ‘இங்க இருக்கு’ன்னு காட்டிக் குடுக்கும். அவ்வளவுதான். உங்ககிட்டேர்ந்து எதையும் எடுக்காது. குரலுக்கு ஒண்ணுமே ஆகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்த நரம்பைப் பாக்காம கத்தி வைக்க மாட்டேன்.”

மேரி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அதுவும் கத்தித்தான் பொழைக்குதா? அப்ப நம்ம ஜாதிதான். வர்றேன்மா. ஆனா இந்தாளு அங்க வாயத் தொறக்கக் கூடாது. மிஷினு பேசட்டும்.”

“நான் பொறுப்பு” என்றார் சர்ஜன் அம்மா, கொஞ்சம் சந்தோஷமாகவே. நல்லவேளை, டீ மேரியின் வாய்க்குள் போயிருக்கவில்லை.

தியேட்டரில் மேரிக்கு மயக்கம் கொடுத்து, ட்யூப் போட்டு, தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தைச் சாய்த்தோம். தோலைத் திறந்தபின், கட்டியைப் பிரிக்கும் முன்பே சர்ஜன் நரம்பைத் தொட்டுச் சோதிப்பது வழக்கம். தொட்டார். சத்தம் இல்லை. மறுபடி தொட்டார். சத்தம் இல்லை. பஸ் ஸ்டாண்டே சாட்சியாக ‘சத்தம் போடும்’ என்று சொல்லிக் கூட்டிவந்தோமே என்று எனக்கு வியர்த்தது.

கழுத்தைச் சாய்த்ததில் ட்யூப் திரும்பியிருக்கும் என்று எனக்குப் பட்டது. பேசக் கூடாதே. கைகளை முறுக்கி முறுக்கி மயக்க டாக்டருக்குச் சைகை காட்டினேன்.

“யோவ், அதைத்தான் பாத்துக்கினு இருக்கேன். நீ டான்ஸ் ஆடறத நிறுத்து” என்றார் அவர். அவர் கேமராவோடு உள்ளே எட்டிப் பார்த்து ட்யூபை ஏற்கெனவே நேராக்கிக்கொண்டிருந்தார்.

சர்ஜன் அம்மா மூன்றாம் முறை தொட்டார். டுப். டுப். டுப்.

என் சர்வீஸ் முழுக்க மிஷின் சத்தம் போட்டால் ஓடிப்போய் அணைத்தவன் நான். அன்றுதான் சத்தம் நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன். கட்டி முழுதும் வெளியே வந்தபின் கடைசியாக ஒருமுறை தொட்டபோதும் அது பேசியது.

ட்யூபை எடுத்தார்கள். மேரி கண்ணைத் திறந்தார்.

“மேரிம்மா, ஏதாவது பேசுங்க.”

அவர் கண்கள் சுற்றிவந்து என்மேல் நின்றன. குரல் கரகரப்பாக, ஆனால் முழுசாக வந்தது.

“எங்க... என் டீ?”

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மிஷினை விளக்கிவிட்டு, நோயாளி தலையாட்டியதும் கிளம்பிவிடாதீர்கள். ‘நான் இன்னா சொன்னேன், நீங்க சொல்லுங்க பாக்கலாம்’ என்று கேளுங்கள். அதற்குப் பிறகு நான் கேட்காமல் நகர்ந்ததில்லை. கேட்டபோது வந்த பதில்களைச் சொன்னால் என் மானம் இன்னும் கொஞ்சம் போகும்.

சில மாதம் கழித்து சென்னைக்குப் போகும்போது பஸ் திண்டிவனத்தில் நின்றது. ஜன்னலோரம் இருந்த நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பிரயோஜனமில்லை. பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் நேராக என் சீட்டுக்கு வந்தது.

“பேப்பருக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கினு இருக்கறவரே! டீ கெளாஸ் வச்சிருக்கறவங்க எல்லாம் உசாரு!”

பஸ்ஸே சிரித்தது. நான் பேப்பரை இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். குரலில் ஒரு பிசிறு இல்லை.