மடியில் மூன்று பச்சைத் துண்டுகள்

நைனிதாலுக்குப் போய் வந்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. போனது உண்மை. விமானம், ரயில், மலைப் பாதையில் கார், மூன்று ஏரிகள், நடுவில் டெல்லி என்று ஆறு நாள் சுற்றினோம். திரும்பி வந்து பெட்டியைப் பிரித்தபோது உடம்பு வலித்ததே தவிர, கண்ணில் ஒன்றும் நிற்கவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. நூல் வந்ததா, சாயம் ஏறியதா, பட்டன் எங்கே என்று பதினாறு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தூங்கி எழுந்தாலும் அலுப்பு அப்படியே இருக்கிறது.

கல்லூரியில் கூடப் படித்த இரண்டு பேர் இன்னும் என்னைச் சகித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி பல்லடம் பக்கம் பள்ளிக்கூட டீச்சர். இன்னொருத்தி இங்கே திருப்பூர் ராயபுரத்தில் கணவரோடு சேர்ந்து அயர்னிங், பேக்கிங் யூனிட் நடத்துகிறாள். நாள் முழுக்க ஆவியில் வேகிறவள். மூன்று பேரும் ஒன்றாக மலை, ஏரி என்று எங்காவது போய்வர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதை நான் இரண்டு தடவை கெடுத்தேன். கொடைக்கானலுக்கு ரூம் போட்ட பிறகு ஒரு ஷிப்மெண்ட் குறுக்கே வந்தது. வால்பாறைக்கு வண்டியே வாசலில் வந்து நின்ற பிறகு இன்னொன்று. மூன்றாவது முறை டீச்சர் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"இந்தத் தடவையும் கம்பெனி, ஷிப்மெண்டுன்னு வாயத் தொறந்தீன்னா, இனி உன்னைக் கூப்புடவே மாட்டோம் புள்ள. நெசமாத்தான் சொல்றேன்."

சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள். சத்தியம் செய்து கொடுத்தேன். எனக்கு இருக்கிற சிநேகிதம் இந்த இரண்டு பேர்தான். அவர்களும் போய்விட்டால், ஞாயிற்றுக்கிழமை பேச எனக்குச் சாயப்பட்டறை மாஸ்டர் மட்டும்தான் மிச்சம்.

மே மாதம், பள்ளி லீவில் கிளம்பினோம். கிளம்புகிற காலையில் சாயப்பட்டறையிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே ஏ, பி, சி என்று குறித்த மூன்று பச்சைத் துணித் துண்டுகள். மொத்தத் துணிக்கும் சாயம் ஏற்றுவதற்கு முன் உள்ளங்கை அகலத்துக்குப் போட்டுப் பார்க்கிற மாதிரித் துண்டு அது; லேப் டிப் என்போம். பையர் அனுப்பிய மூலத் துண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்து, எது ஒத்துப்போகிறது என்று நான் சொன்னால்தான் மெஷின் ஓடும். அதற்கென்றே அலுவலகத்தில் ஒரு விளக்குப் பெட்டி இருக்கிறது. ஒரு எட்டு போய் அதில் பார்த்திருக்கலாம். பக்கத்து மேஜைப் பெண்ணிடம் ஒப்படைத்திருக்கலாம். ஆனால் என் கண்ணைத் தவிர வேறு யார் கண்ணையும் நம்பாத திமிர் எனக்கு. கவரையும் மூலத் துண்டையும் கைப்பையின் அடியில் செருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல் காரில் ஏறினேன்.

அதற்குப் பிறகு போன இடமெல்லாம் நான் வெளிச்சத்தைத்தான் தேடினேன். கோவை விமான நிலையத்தில் மேலே பளீரென்று விளக்கு. அதில் பச்சை பார்க்க முடியாது. டெல்லியில் வானம் கழுவாத பாத்திரம் மாதிரி இருந்தது. கோட்டையைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். சுவரெல்லாம் சிவப்பு, அங்கேயும் ஆகாது. மலையடிவாரத்துக் காத்கோதாம் போகிற ரயிலில் ஜன்னல் கண்ணாடி மஞ்சளாக இருந்தது.

அங்கிருந்து மலை ஏறும் காரில் ராயபுரத்துக்காரி ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டியபடி வந்தாள். டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள், எனக்கு ஹிந்தி தெரியும் என்ற நம்பிக்கையில். என் ஹிந்தி முழுக்கக் கம்பெனியில் வடநாட்டுத் தையல்காரர்களிடம் கற்றுக்கொண்டது. சீக்கிரம் செய், பிரித்துத் தை, இன்றைக்கு லீவு கிடையாது. இந்த மூன்றும்தான் சரளமாக வரும். மெதுவாகப் போ என்பதற்கு எனக்கு வார்த்தை தெரியவில்லை. டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

காலை எட்டு மணிக்கு மூன்று போனும் டீச்சரின் பைக்குள் போய்விட வேண்டும், சாயங்காலம்தான் கிடைக்கும் என்பது அவள் போட்ட சட்டம். நைனிதாலில் முதல் நாள் காலை ஏழரைக்கே மாஸ்டர் கூப்பிட்டார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினேன்.

"ஏனுங் மேடம், பாத்துட்டீங்களா? மெஷின் சும்மா நிக்குதுங்க. இன்னிக்குச் சொல்லீட்டீங்கன்னா ஓட்டீருவனுங்க."

"மத்தியானத்துக்குள்ள சொல்றேனுங்க" என்றேன்.

ஏரிக்கரையில் மே மாதக் கூட்டம். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று படகு பிடித்தோம். ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். ராயபுரத்துக்காரி முன்னால், டீச்சர் நடுவில், நான் பின்னால். கரையோரத்து மரங்களின் நிழலில் படகு நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் முன்னால் இருந்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"சித்தெ நேரம் ஆரும் பேசாதீங்க. மூணு பேரும் ஒட்டுக்கா உக்காந்து சும்மா பாக்கலாம்."

அவள் அந்தப் பயணத்தில் கேட்டது அது ஒன்றுதான். இரண்டு பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்தார்கள். நான் பையைத் திறந்தேன். துண்டுகளை மடியில் பரப்பி, மூலத் துண்டை ஒவ்வொன்றின் மேலும் வைத்து வைத்துப் பார்த்தேன். பி சரியாக இருந்தது. அச்சாக அதே பச்சை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

கரைக்கு வந்ததும், வீட்டில் என் பையனிடம் பேச வேண்டும் என்று பொய் சொல்லிப் போனை வாங்கி, பி ஓகே என்று மாஸ்டருக்கு அனுப்பினேன். பாரம் இறங்கியதும் பதினாறு வருடத்துத் தூக்கமும் ஒன்றாக வந்தது. அடுத்த ஏரி பீம்தாலில் பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கினேன். மூன்றாவது ஏரி சாத்தாலில் காரை விட்டே இறங்கவில்லை. கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் இரண்டு பேரும் போய் வந்தார்கள்.

ஊர் திரும்பிய மறு வாரம் சாயம் ஏறிய துணி வந்தது. விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். வேறு பச்சை. மஞ்சள் தூக்கலாக, எந்தக் குருடிக்கும் தெரிகிற மாதிரி வேறு பச்சை. மொத்தத் துணியும் திரும்பச் சாயப்பட்டறைக்குப் போனது. நான்கு நாள் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல இருந்தது. ராயபுரத்துக்குப் போனேன். அவள் அயர்ன் டேபிளில் நின்றபடியே கேட்டாள். படகில் திருட்டுத்தனமாகப் பார்த்தது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். கை நிற்கவே இல்லை அவளுக்கு.

"எனக்குத் தெரியும் புள்ள. மடியில வெச்சுப் பாத்தீல்ல, ஒருக்கா திரும்புனப்ப நானும் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல? நீயும் நாளெல்லாம் கலர் பாக்கறவதான?"

"மரத்து நெழல்ல, ஆரஞ்சுச் சட்டையப் போட்டுக்கிட்டு ஆராச்சும் கலர் பாப்பாங்களான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லியிருந்தா நீ படகத் திருப்பச் சொல்லியிருப்ப. எனக்கு அப்படி உக்கார இன்னொருக்கா எப்ப வாய்க்கும்?"

அவள் ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"செரி, அந்த ஏரி என்ன பச்ச, சொல்லு. நீதான் பச்சையில நூறு பேரு சொல்லுவியே."

பெயர்கள் வந்தன. ஏரி வரவில்லை. யோசித்துவிட்டு, வெளுத்த கிளிப்பச்சை என்றேன்.

"அது உன் துண்டோட கலரு" என்றாள். சிரிப்பு மாதிரிதான் இருந்தது. "கரையோரம் கலங்கலா இருந்துச்சு. நடுவுல போகப் போகக் கறுத்துச்சு. மேகம் வந்து மூடுனப்ப கலரே இல்ல. அப்பத்தான் டீச்சர் அழுதா. தெரியுமா உனக்கு?"

தெரியாது. படகில் டீச்சருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான் இருந்தது.

"ஏன் அழுதா?"

"நான் கேக்கல. கையப் புடிச்சுக்கிட்டேன்." அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள். "அடுத்த தடவ நீ வராட்டியும் பரவால்ல புள்ள. அவ்வளவு தூரம் வந்து தூங்கறதுக்கு ஊட்டுலயே படுத்துக்கலாமல்ல. நாங்க பாத்துட்டு வந்து சொல்றோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் அலுப்பைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் சொன்னாள்.

பொங்கல் லீவில் இரண்டு பேரும் கொடைக்கானல் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நான் அலுவலக ஜன்னலோரம் அடுத்த கவரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போனில் எங்கள் மூன்று பேர் குரூப்பில் ஒரு படம் வந்தது. ஏரி. படத்தில் நீலமாகத் தெரிந்தது. போனில் பார்த்து நிறம் சொல்லாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். உண்மையில் என்ன நிறம் என்று கேட்டு எழுதினேன்.

டீச்சர் பதில் போட்டாள். "நேர்ல பாத்தாத்தான் தெரியும்."