அலைகரைக் கச்சான்

குளத்தைப் பற்றித் தனக்குத் தெரியாத விசயமே இல்லை என்பது என் கணவரின் எண்ணம். முக்கால்வாசி அது உண்மைதான். மிச்சக் கால்வாசியைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிந்திவிட்டது. எங்கள் ஊர்க் குளம் பாதிகூட நிரம்பவில்லை. குளத்தின் மேல்விளிம்பில், தண்ணீர் ஏறாத இடமெல்லாம் வெறும் நிலமாகக் கிடந்தது. அதை அலைகரை என்போம். கறுத்த, கொழுத்த மண். பார்க்கிற கமக்காரன் எவனுக்கும் கை அரிக்கும். இவருக்கும் அரித்தது. போய்க் கச்சான், அதாவது நிலக்கடலை, விதைத்துவிட்டார்.

"அலைகரையிலை விதைக்கக் கூடாதெண்டு கமநலக் கந்தோரிலை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கினம். நீங்கள் போடுற உரமெல்லாம் மழையோடை குளத்துக்குள்ளைதான் இறங்கும். பிறகு அதைத்தான் நான் கிணத்திலை அள்ளி உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தவேணும்" என்றேன்.

"உரம் ஆர் போட்டது? மாட்டெரு மட்டுந்தான்" என்றார்.

"வெள்ளம் ஏறினால்?"

அதற்கும் விடை வைத்திருந்தார். குளம் நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வழிந்தோடுவதற்குக் குளக்கட்டின் ஒரு பக்கத்தில் கல்லால் பதித்த இடம் ஒன்று உண்டு. அதைத்தான் வான் என்கிறோம். தண்ணீர் அதற்கு மேல் உயராது. முந்திய மாரியில் குளம் வான் பாய்ந்த அன்றைக்கே அலைகரையில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்துத் தடி நட்டிருந்தார். அந்தத் தடிகளுக்கு மேலேதான் விதைப்பு. "ஒரு சொட்டுத் தண்ணியும் என்ரை வரம்பைத் தொடாது, இருந்து பாரும்" என்றார்.

எனக்கு என் கிணற்றுக் கவலை. கோடையில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. எவ்வளவு விறகு வைத்தாலும் கல்லுப்போலக் கிடக்கும். தேத்தண்ணியில் ஆடை படரும், கேத்திலின் அடியில் சுண்ணாம்பு பிடிக்கும். குடிப்பதற்குப் போத்தல் தண்ணீர்தான். குளம் நிரம்பினால் ஊற்று மாறி, அதே கிணறு இளநீர்போல ஆகிவிடும். குளத்தில் தண்ணீர் எவ்வளவு காலம் நிற்கிறதோ அவ்வளவு காலமும் குசினியில் எனக்கு நிம்மதி.

மார்கழியில் வானம் பொத்துக்கொண்டது. குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கிய அன்று ஊரே திரண்டு பார்க்கப் போனது. இவர் அலைகரைக்குப் போனார். தண்ணீர் தடிகளோடு நின்றுவிட்டதாம். மழையைத் தானே ஓடர் கொடுத்து இறக்கியவர்போல வந்து கதிரையில் சாய்ந்தார். தேத்தண்ணியைக் கையில் கொடுத்தேன். பாதி குடித்தபோது முகம் மாறியது.

"மண்மூட்டை" என்றார்.

மழை ஓய்ந்ததும் வானின் மேல் மண்மூட்டைகளை வரிசையாக அடுக்குவது எங்கள் வழக்கம். அதனால் குளத்தில் முழங்காலளவு தண்ணீர் கூடுதலாக நிற்கும், இவருடைய தடிகளையும் தாண்டிவிடும். கோடையில் செய்கிற சிறுபோக நெல் விதைப்பு அந்த முழங்காலளவை நம்பித்தான். வருஷா வருஷம் சைக்கிளில் வீடுவீடாகப் போய், "பழைய உரப்பை கிடக்கோ?" என்று படலையில் நின்று கத்துகிறவர் யார்? இவரேதான். அந்தக் குரலுக்கு ஊர் நாய்களே குரைப்பதை விட்டுவிட்டன. தான் வருஷந்தோறும் அடுக்குகிற மூட்டையைத் தன் விதைப்புக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். நான் வயிறு நோகச் சிரித்தேன். மிச்சத் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

மழை விடும்வரை மூட்டை வைக்கக்கூடாது, கட்டு உடைந்துவிடும் என்று கமநலக் கந்தோர் அதிகாரிகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே ஊரெல்லாம் மழை விடட்டும் என்று நினைக்க, இவர் மட்டும் கச்சான் முற்றும்வரை பெய்யட்டும் என்று முகிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலோடு மழை விட்டது. வெயிலைப் பார்த்து இப்படி முகம் கறுத்த ஒருவரை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

குளக்கட்டில், மருதமரத்தின் கீழ்க் கூட்டம். என் கிணற்றுக்காக நானும் போயிருந்தேன். இவருடைய கச்சானைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அனுமதியில்லாத இடத்தில் விதைத்தவர் எந்த முகத்தோடு மூட்டை வேண்டாம் என்பார்?

வாய்க்காலின் கடைசி வயல்காரரான நானாதான் முதலில் கதைத்தார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் கனகாலம் இருந்துவிட்டுத் திரும்பிய முஸ்லிம் மனிதர், வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் நானா. காடு பற்றிக் கிடந்த வயலைத் தானே வெட்டித் திருத்தியவர். வந்த பிறகு ஒரு சிறுபோகமும் அவருக்குச் சரிவரவில்லை. குளம் முட்ட நின்றால்தான் அவருடைய வயல்வரை தண்ணீர் போகும்.

"தம்பி, கச்சான் முத்த இன்னும் எவ்வளவு நாள் வேணும்?"

"ரெண்டு கிழமை, நானா" என்றார் இவர், நிலத்தைப் பார்த்தபடி.

"அப்ப ரெண்டு கிழமை கழிச்சு மூட்டையை வைப்பம். விளையிற பயிரை அழிச்சுத் தண்ணி மறிக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை."

அவர் அதைச் சொல்லும்போது பின்னால் வான் இரைந்துகொண்டிருந்தது. வீணாக ஓடுகிற தண்ணீரில் பெரும்பங்கு அவருடைய வயலுக்குப் போகவேண்டியது என்பது அங்கு நின்ற எல்லோருக்கும் தெரியும். இவர் திரும்பி வானைப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். கரியர் நிறைய உரப்பைகளோடு திரும்பி வந்தார்.

"வாங்கோ, மண் அள்ளுவம்" என்றார். முதல் மூட்டையை அவரே வைத்தார்.

மூட்டை அடுக்கி முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தண்ணீர் ஏறுவதற்குள் கச்சானைப் பிடுங்குவதற்கு எல்லோரும் அலைகரையில் இறங்கினார்கள். நானா சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு முன்னுக்கு நின்றார். பாதி வெறும் பிஞ்சு. விற்க முடியாது என்பதால் பெரிய பானையில் உப்புப் போட்டு அங்கேயே அவித்தேன். எல்லோரும் குளக்கட்டில் இருந்து கோது உரித்தார்கள்.

நானா ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தார். "இன்னும் ரெண்டு கிழமை விட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும், தம்பி" என்றார். அதிகம் சிரித்தது என் கணவர்தான். எனக்கு அன்றைய பொழுது மிகவும் பிடித்திருந்தது.

சிறுபோகத்துக்குக் குளம் திறந்து சில நாட்களின் பின், காலையில் போன் அடித்தது. நானாவின் குரல் எனக்கே கேட்டது. "தம்பி, தண்ணி வந்திட்டுது. வயலுக்குள்ளைதான் நிக்கிறன்."

"ஓம் நானா, ஓம்" என்றார் இவர். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ரை கச்சானெல்லாம் நானாவின்ரை வயலிலை நிக்குதாம். போய்ப் பாத்திட்டு வாறன்."

சைக்கிளை எடுத்தார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் நானும் கரியரில் ஏறிக்கொண்டேன்.