ஜனவரிக்கு நம்பர் பூஜ்யமாம்

இன்று காலை கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி கேட்டில் ஒரே கூச்சல்.

கேட் பாஸை வெப்சைட்டில் சரிபார்க்கும் முறை இன்றுதான் தொடங்கியது. கவரைப்பேட்டையிலிருந்து வேலைக்கு வரும் செல்வியை செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். இந்த ஜனவரிக் கடைசி வரை செல்லும் அவள் பாஸ், போன மாதமே முடிந்துவிட்டதாகத் திரை காட்டியது. சங்கு ஊதுவதற்குள் உள்ளே போகாவிட்டால் ஆப்சென்ட்.

"இன்னாண்ணா, அட்டைல தேதி போட்டுக்கீது, கண்ணு தெரியலயா?"

"நான் இன்னாம்மா பண்றது? கம்ப்யூட்டர் உடமாட்டேங்குது."

பாஸ் தேதிகளை வெப்சைட்டில் ஏற்றியது நான். வெப்சைட் எழுதிய புரோகிராமருக்கு போன் செய்தேன்.

"நீங்க தப்பா டைப் பண்ணியிருப்பீங்க மேடம்."

யார் குறை சொன்னாலும் முதலில் என்னையே சந்தேகிப்பது என் பழக்கம். வெப்சைட்டில் ஏறியிருந்த பட்டியலை மறுபடி பார்த்தேன். ஜனவரியில் முடியும் பாஸ்களுக்கெல்லாம் மாதம் பூஜ்யம் என்று இருந்தது.

"பூஜ்யம்னு ஒரு மாசத்தை நான் எப்படிங்க டைப் பண்ணுவேன்?"

அவர் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சாரி மேடம். இந்த வெப்சைட்டை எழுதின ஜாவாஸ்கிரிப்ட் மொழில ஜனவரிக்கு நம்பர் பூஜ்யம். நாமதான் ஒண்ணு கூட்டிக்கணும். மறந்துட்டேன்."

"அப்போ தேதியும் பூஜ்யத்துலேர்ந்தா?"

"இல்ல மேடம், தேதி ஒண்ணுலேர்ந்துதான்."

மறந்தது அவர்தான். ஆனால் மறக்கச் சொல்லியே மாதத்தை ஒரு விதமாகவும் தேதியை ஒரு விதமாகவும் எண்ணும் மொழியை என்ன சொல்வது?

ஐந்து நிமிடத்தில் சரியானது. சங்கு ஊதுவதற்கு முன்பே செல்வி உள்ளே நடந்தாள். "கம்ப்யூட்டருக்கே மாசம் தெரியல, என்னை வந்து நிறுத்திக்கினு!"

தப்பு என்னுடையது இல்லை என்றானதில் எனக்கு இன்று முழுக்க ராஜநடை.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் நண்பர்களே, உங்கள் வீட்டில் பொங்கல் எந்த மாதம் வருகிறது?