குழாய்க்குள்ளிருந்து வந்த குரல்

போன வருடம் ஆடி மாதம். விளாங்குடியில் எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவாக ஒரே தொட்டி. அது யார் வாசலில் வருவது என்று, பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் அந்த அம்மாவுக்கும் எனக்கும் வாய்ச்சண்டை முற்றிப் பேச்சே நின்றுபோயிருந்தது.

பள்ளம் தோண்டும்போது பானை ஓடுகளும் எலும்புத் துண்டுகளும் வந்தன. "அந்தக் காலத்துல பொதைச்ச எடம் போலக்கா" என்று வேலையாள் ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

குழாய் பதித்தாயிற்று. சிமெண்ட் காயும்வரை புதுக் குளியலறையில் தண்ணீர் விடக்கூடாது என்று பிளம்பர் சொல்லியிருந்தார். மறுநாள் மதியம், கணவர் பக்கத்து ஊரான பரவைக்குப் போயிருந்தார். நான் தங்கையிடம் போனில் பேசியபடியே அந்தக் குளியலறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பேசி முடித்து போனை வைத்ததும், தரையிலிருந்த ஓட்டைக்குள்ளிருந்து ஒரு முனகல். குனிந்தேன். தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல ஒரு குரல், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. திரும்பவும் கூப்பிட்டது.

கையில் கிடைத்த பழைய சேலையைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்தேன். அதன்மேல் ஒரு செங்கல்லையும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் கழித்துத்தான் பிளம்பருக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லத் தோன்றியது.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அக்கா, ரெண்டு வீட்டு லைனும் ஒரே தொட்டியிலதான சேருது? தண்ணி இல்லாத குழாயில சத்தம் அப்படியே வரும். அந்தம்மாவுக்கு என்னாச்சுன்னு மொதல்ல ஓடிப் பாருங்க!"

ஓடினேன். கதவைத் தட்டினேன், கத்தினேன், பதில் இல்லை. தெருமுனையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வந்து கடப்பாரையால் தாழ்ப்பாளை உடைத்தார்கள். குளியலறையில் இடுப்பெலும்பு முறிந்து, ஓட்டையருகே முகம் வைத்துக் கிடந்தார். காலையிலேயே தலைசுற்றி விழுந்திருக்கிறார். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போன்ல பேசுறது கேட்டுச்சுத்தா. அதான் உன் பேரச் சொல்லிக் கூப்புட்டேன். கொஞ்ச நேரத்துல என்னமோ வந்து அடைச்ச மாதிரி எல்லாச் சத்தமும் நின்னுபோச்சு. செத்துட்டோம்னே நெனச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடைத்தது யார் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. இப்போது தினமும் பேசிக்கொள்கிறோம். ஆனாலும் அவர் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும், அன்று கூப்பிட்டது பேயாகவே இருந்திருந்தாலும் 'என்ன வேணும்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மனசு குறுகுறுக்கிறது.