கர்ஜிக்க முடியாத சிங்கம்

என் கழுத்துக் கட்டியை முதலில் கண்டுபிடித்தவள் நான்கு வயது அனன்யா. மைசூரில் நான் வேலை பார்க்கும் மழலையர் பள்ளியில், கதை கேட்க மடியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். விரலை என் தொண்டையில் வைத்து, "மிஸ், இங்க நெல்லிக்காய் இருக்கு. எச்சில் முழுங்கினா மேல போகுது" என்றாள்.

என் வேலை கதை சொல்வது. எல்லாம் பழைய கதைகள்தான். காக்கை, நரி, ஆமை, முயலிடம் ஏமாந்து கிணற்றில் குதித்த சிங்கம். பாதிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பாதிப் பேர் வீட்டில் கன்னடம். இரண்டையும் கலந்து சொல்வேன். மொழி புரியாத பிள்ளைக்கும் குரல் புரியும். என் சிங்கம் உறுமினால் வாசலில் நிற்கும் அம்மாக்களே ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார்கள்.

கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். தைராய்டில் (கழுத்தின் முன்பக்கம் இருக்கும் சுரப்பி) புற்றுநோய். ஆரம்ப நிலைதான், சுரப்பியை எடுத்துவிட்டால் போதும் என்றார் அறுவை மருத்துவர். பிறகு கேட்டார்:

"நீங்க பாட்டு பாடறவங்களா?"

"இல்லைங்க சார். சும்மா, குழந்தைகளுக்குக் கதை சொல்றேன்."

பதினாறு வருட வேலையைச் 'சும்மா' என்றது என் வாய்தான். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் நம்மை நாமே குறைத்துச் சொல்வதுதான் மரியாதை என்று எங்களுக்கு ஒரு பழக்கம். அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். அந்தச் சுரப்பியை ஒட்டித்தான் குரல் நாண்களை (ஒலி எழுப்பும் இரண்டு மடிப்புகள்) அசைக்கும் நரம்பு ஓடுகிறது, அறுக்கும்போது அது பழுதாகலாம் என்று அவர் சொல்லவே இல்லை. அறுவைக்கு முன் நான் கையெழுத்துப் போட்ட தாளில் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்ததாம்.

அறுவை முடிந்து, மயக்கம் தெளிந்து தண்ணீர் கேட்டேன். காற்றுதான் வந்தது. வீக்கம், வற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். ஆறு வாரம் கழித்து வேறொரு மருத்துவர் மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தார். இடது நாண் அசையவில்லை. ஒரு வருடம் வரை காத்திருக்கலாம், குரல் திரும்பாமலும் போகலாம் என்றார்.

அறுவை மருத்துவரிடம் போய் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "புற்றுநோய்ல இருந்து பிழைச்சிருக்கீங்க மேடம், அதைப் பாருங்க" என்றார். ஹனூரிலிருந்து பார்க்க வந்த நாத்தனாரும், "உசுரு தப்பிச்சுதே, கொரலு போனாப் போவுதுங்க அண்ணி" என்றாள். பிழைத்துவிட்டேன் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

பள்ளிக்குத் திரும்பியபோது நிர்வாகி ஒரு ஸ்பீக்கர் வாங்கி வைத்திருந்தார். கதையை அது சொல்லுமாம், நான் படம் காட்டினால் போதுமாம். முடியாது என்று சைகை செய்துவிட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சிங்கக் கதையைத் தொடங்கினேன். உறுமல் வரவேண்டிய இடத்தில் டயரில் காற்று இறங்குவது போல ஒரு சத்தம் வந்தது.

"சிங்கத்துக்கு உடம்பு சரியில்லையா மிஸ்?" என்றாள் அனன்யா.

"ஆமா."

"அப்ப முயல் ஏன் பயப்படணும்?"

கதை அங்கேயே நின்றுபோனது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவ்வளவு ஆத்திரம்.

மறுநாள், "இந்தச் சிங்கம் கத்தாது, பக்கத்துல வந்து மூச்சு விடும்" என்று சொல்லி, அனன்யாவின் காதருகே குனிந்து மெல்ல மூச்சு விட்டேன். வெலவெலத்துப் போய்ப் பக்கத்துப் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். முயல் பயப்படக் காரணம் கிடைத்துவிட்டது. அதற்காக நடந்ததெல்லாம் நன்மைக்கே என்று எழுத மாட்டேன்.

இதே அறுவைக்குக் காத்திருப்பவர்களே, உங்கள் வேலையைச் சும்மா என்று சொல்லாதீர்கள். குரலை நம்பிப் பிழைக்கிறேன் என்று சொல்லுங்கள். நரம்பைப் பற்றி டாக்டர் பேசாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

ஒரு வருடம் தாண்டிவிட்டது. பயிற்சி செய்து கொஞ்சம் குரல் மீண்டிருக்கிறது. நான்கு சொல்லுக்கு ஒரு மூச்சு. பத்து நிமிடக் கதைக்கு அரை மணி நேரம் ஆகிறது. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் அவசரம். நான் மூச்சு வாங்குவதற்குள் கடைக்காரர் என் பேச்சை முடித்துவிடுகிறார், பஸ் கண்டக்டர் முடித்துவிடுகிறார். என் கணவரும்தான், அவர் அன்பினால் செய்கிறார்.

போன வாரம் பரிசோதனைக்குப் போனோம். புதிதாக வந்திருந்த டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். "எனக்கு இன்னும்..." என்று தொடங்கி மூச்சுக்காக நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் பயமா இருக்குதுங்க அவளுக்கு" என்று முடித்தார் கணவர்.

மேஜையை ஓங்கி ஓர் அடி அடித்தேன். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நெஞ்சு நிறைய மூச்சு சேரும்வரை அவர்களைக் காக்கவைத்தேன்.

"பயம் இல்லைங்க," என்றேன். "கோபம்."