பெரியப்பா பிரித்த பாகம்

கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஒருநாள் விளையாட்டுக் கோட்பாடு வந்தது. ஒருவர் பிரிக்க வேண்டும், மற்றவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்றார் பேராசிரியர். பிறகு, "எடுக்கறவர் மனசுல என்ன இருக்குன்னு பிரிக்கறவருக்குத் தெரியாத வரைக்கும்தான்" என்று சேர்த்துக்கொண்டார். அதற்குமேல் அன்று நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

எங்கள் நிலம் பிரிந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். கெடாரில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக ஐந்து ஏக்கர் இருந்தது. பெரியப்பா திண்டிவனத்தில் உரக்கடை வைத்திருந்தார்; பயிர் வைத்தது அப்பாதான். நிலத்தைப் பிரித்துக்கொள்வதென்று ஆனதும் பெரியப்பா, "நான் பிரிக்கிறேன், தம்பி மொதல்ல எடுத்துக்கட்டும்" என்றார். எங்கள் பக்கத்து வழக்கமும் அதுதான். ஆனாலும் அவருக்குப் பெரிய மனசு என்று ஊரே சொன்னது.

இரண்டு நாள் கழித்து என்னை மட்டும் வண்டியில் விழுப்புரத்துக்கு அழைத்துப்போனார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துவிட்டு, "நெலத்தப் பத்தி உங்கப்பன் ஊட்ல இன்னாம்மா பேசிக்கினு இருக்கான்?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் என்னைப் பெரிய மனுஷியாக மதித்து எதையும் கேட்டதில்லை. "தாத்தா சமாதி இருக்கிற பக்கந்தான் வேணும்னு அப்பா அம்மாகிட்ட சொல்லிக்கினே இருக்குது, பெரியப்பா. எது போனாலும் அத வுடமாட்டேங்குது" என்றேன். அவர் இன்னொரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரமே ஊர்க்காரர்கள் நான்கு பேரை வைத்துப் பாகம் பிரித்தார். கிணறு, மோட்டார், நெல் விளையும் நிலம் எல்லாம் ஒரு பாகம். தாத்தாவின் சமாதியும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைகூட மழையை நம்பித்தான் போட முடிகிற மேடும் இன்னொரு பாகம். வேறு யாராக இருந்தாலும் கிணற்றை எடுத்திருப்பார்கள். பெரியப்பாவுக்கு மேடுதான் மிஞ்சியிருக்கும். முதலில் எடுக்கிறவர் குறை சொல்லவும் முடியாது. அப்பா வெகுநேரம் வரப்பில் நின்றார். பிறகு சமாதிப் பக்கம் கைகாட்டினார்.

"அவனா எடுத்துக்கினான். நீங்கள்லாம் பாத்தீங்க" என்றார் பெரியப்பா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அழுதாள். "கெணத்தத் தூக்கி ஒரே பக்கம் வெச்சாரே, நீங்க அத எடுக்கமாட்டீங்கன்னு அவருக்கு எப்டித் தெரியும்?" என்று அப்பாவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"நாந்தாம்மா சொன்னேன்" என்றேன், பெருமையாக.

அம்மா கையை ஓங்கினாள். "வுடு, கொழந்த" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு வருடம் மழை ஏமாற்றியது. கிணற்றிலிருந்து தண்ணீர் தரப் பெரியப்பா ஒப்பவில்லை. மேட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு அப்பா வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போகத் தொடங்கினார். வேலை விட்டு வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். நான் உள்ளே போனால் பேச்சை நிறுத்திவிடுவார். வேலைக் களைப்பு என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.