ஓட்டை அட்டையில் ஒரு விமானம்

இன்று வேலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி என்னை உற்றுப் பார்த்து, "நாலாங்கிளாஸ் சார்தான நீங்க?" என்றார். வணக்கம் வரும் என்று காத்திருந்தேன். வழக்கு வந்தது.

எண்பதுகளில் ஆரணியில், விமானம் எப்படிப் பறக்கிறது என்று பாடம் நடத்தினேன். ஆளுக்கொரு காகித விமானம் செய்து வரச் சொன்னேன். இவர் மட்டும், புடவைக் கரையின் டிசைனுக்காகத் தறியில் மாட்டும் துளையிட்ட அட்டையில் செய்து வந்தார். நான் கையில் வாங்கிப் பார்த்து, "கனம். போதாததற்கு ஓட்டை. பறக்காது" என்று மேஜையில் வைத்துவிட்டேன்.

"அட்டைய உருவுனதுக்கு எங்கப்பா எம் முதுகுல ரெண்டு வெச்சாரு. கரையில மயிலுக்குக் கழுத்துல ஒரு வரி காணோம். அது போவட்டும். விட்டே பாக்காம நீங்க எப்டி சார் சொன்னீங்க? நாப்பது வருஷமா நெனச்சிகினு இருக்கேன்."

"அது அறிவியல்மா."

"விட்டுப் பாத்தாத்தான சார் அறிவியலு?"

இன்றும் டிசைன் அட்டை துளையிடுவதுதான் அவருடைய தொழில். பையிலிருந்து, தப்பாகத் துளையிட்ட ஓர் அட்டையை எடுத்து மடித்தார். கண்ணமங்கலத்தில் என்னையும் இறக்கினார். நான் வேலூர் போகவேண்டியவன் என்ற வாதம் எடுபடவில்லை.

பஸ் நிறுத்தத்துக் கடைவாசலில் நின்று அதை ஓங்கி விட்டார். விமானம் மூன்றடி போய் மூக்குக் குத்தி விழுந்தது.

வெற்றியை முகத்தில் காட்டாமல் நின்றேன்.

"பறக்கலதான்" என்றார் நிதானமாக. "இப்ப சொல்லுங்க சார், ஒத்துக்கறேன்."

சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். என்னிடம் படித்த வேறு யாருக்காவது சோதனை பாக்கியிருந்தால் இங்கேயே கமெண்டில் எழுதுங்கள். பஸ்ஸிலிருந்து இறக்க வேண்டாம்.